கூரைக்கு ஒரு சீட்டு: ஜார்ஜ்டவுன் வீடுகளும் அனுமதியின் வரலாறும்



"மழைக்கு ஒழுகுகிறது. ஓட்டை மாற்ற வேண்டும். வீடு என்னுடையது, செலவும் என்னுடையது. பிறகு மன்றத்தின் அனுமதி எதற்கு?"

ஜார்ஜ்டவுனில் பழைய வீடு வைத்திருப்போரிடம் பேசினால் இக்கேள்வி எப்படியும் வந்துவிடும். நியாயமான கேள்விதான். ஆயினும் அதற்கான விடையில் பாதியே சட்டப் புத்தகத்தில் உள்ளது. மீதிப் பாதி வரலாற்றில் கிடக்கிறது. என் ஆய்வுக்கு எட்டியவரை, இந்நகரில் கூரை என்பது வீட்டுக்காரர் ஒருவருக்கு மட்டுமே உரிய பொருளாக எக்காலத்திலும் இருந்ததில்லை. அது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பிரான்சிஸ் லைட் 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் இத்தீவில் பிரிட்டிஷ் கொடியை ஏற்றினார். அன்று இங்கு எழுந்த முதல் வீடுகளும் கடைகளும் பெரும்பாலும் மரமும் ஓலையும்தாம். நீப்பா ஓலையை மடித்துக் கோத்து வேய்ந்த கூரையை நாம் இன்றும் 'அத்தாப்பு' என்கிறோம். மலாய்மொழியில் 'அத்தாப்' என்ற சொல்லுக்கே கூரை என்பதுதான் பொருள். தமிழிலும் இதற்கு இணையானதொரு செய்தி உண்டு. 'வேய்' என்றால் மூங்கில். 'வேய்தல்' என்றால் கூரை மூடுதல். ஓலையும் மூங்கிலும் போய்ச் சுட்ட ஓடு வந்த பின்பும் 'ஓடு வேய்ந்த வீடு' என்றே சொல்லுகிறோம். பேச்சுவழக்கில் அது 'ஓடு மேய்தல்' என்றாகிவிடும். இதை வகுப்பில் சொன்னால், வீட்டுக் கூரைமேல் மாடு ஏறி மேய்வதாக நினைத்து மாணவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், சொல் மனத்தில் நிற்கும்.

அத்தாப்புக் கூரை வெயிலைத் தடுக்கும், மலிவானது, இரண்டு ஆள் இருந்தால் ஒரே நாளில் வேய்ந்துவிடலாம். அதன் ஒரே பகை நெருப்பு. அடுப்பும் விளக்கும் எண்ணெயும் சரக்கும் அடுத்தடுத்து நெருங்கிய கடைத்தெருவில் ஒரு பொறி போதும். ஜார்ஜ்டவுனின் தொடக்கப் பத்தாண்டுகளில் கடைப்பகுதி பலமுறை தீக்கிரையானது. பழைய வரைபடங்களில் 'மலபார் தெரு' என்று குறிக்கப்பட்டு, பின்னர் சூலியா தெரு எனப் பெயர் பெற்ற வீதி நம்மவர் வணிகத்தின் நடுநாடி. சோழமண்டலக் கரையிலிருந்து துணிமூட்டைகளுடன் வந்திறங்கிய தமிழ் முஸ்லிம் வணிகர்கள் வாழ்ந்த பகுதி அது. அங்கே தீப்பிடித்தால் ஒருவர் கூரையிலிருந்து அடுத்தவர் கூரைக்குத் தாவும். "என் கூரை என் விருப்பம்" என்ற வாதம் சாம்பலானது இப்படித்தான்.

இது பினாங்குக்கு மட்டும் உரிய அனுபவமன்று. 1666ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பின் இலண்டன் நகரம் செங்கல்லும் கல்லும் கொண்டே திரும்பக் கட்டப்பட வேண்டும் என்று சட்டம் வந்தது. கல்கத்தாவில் 1837ஆம் ஆண்டு தீ விபத்துகளையடுத்து, அந்நகரில் தீப்பற்றாத பொருளால்தான் புறக்கூரை அமைக்கவேண்டும் என்று கிழக்கிந்தியக் கம்பெனி அரசு சட்டமியற்றியது. அக்காலத்தில் பினாங்கு, இந்தியாவிலிருந்து ஆளப்பட்ட ஊர் என்பதை மறந்துவிடக் கூடாது. 1856ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நகரத் துப்புரவு, மேம்பாட்டுச் சட்டம் ஒன்று கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய நகரங்களையும் பினாங்கு, சிங்கப்பூர், மலாக்கா ஆகிய நீரிணைக் குடியேற்றங்களையும் ஒரே தலைப்பின்கீழ் சேர்த்தே பேசியது. சென்னை கருப்பர் நகரத்துத் தெருவுக்கும் ஜார்ஜ்டவுன் சூலியா தெருவுக்கும் ஒரே சட்டம்! அந்த நூற்றாண்டின் நகராட்சிச் சட்டங்களில் புல், ஓலை, பாய் ஆகியவற்றைக் கொண்டு கூரை வேய்வது மெல்ல மெல்ல அதிகாரியின் இசைவைச் சார்ந்ததாயிற்று. இன்றைய கூரை அனுமதியின் வித்து இதுவே என்பது என் கருத்து.

ஓலை போனால் ஓடு வேண்டும், செங்கல் வேண்டும், சுண்ணாம்பு வேண்டும். இவற்றைச் செய்தவர் யார்? 1790களிலிருந்து இந்தியாவிலிருந்து கைதிகள் இத்தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். சாலை போட்டதிலும் சதுப்பு தூர்த்ததிலும் பொதுக் கட்டடங்களை எழுப்பியதிலும் அவர்கள் உழைப்பு பெரும் பங்கு வகித்தது. 1818இல் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் அவ்வுழைப்புக்கு ஒரு சான்று.

அத்தேவாலயத்தின் கூரைக்கே ஒரு கதை உண்டு. அதைச் சொல்லாமல் கடந்துபோக மனமில்லை. சென்னையில் 1815இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தை ஒத்த பாணியில் பினாங்குத் தேவாலயமும் அமைந்தது. தொடக்கத்தில் அதற்குத் தட்டைக் கூரையே போட்டார்கள். தேக்கு உத்திரங்களின்மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை பூசும் 'மெட்ராஸ் டெரஸ்' முறை சென்னைப் பக்கத்துக் கொத்தனார்களுக்குக் கைவந்த கலை. கோடையில் மாடியில் படுத்துறங்கவும் வடாம் காயவைக்கவும் அதைப்போல் வசதியான கூரை வேறில்லை. ஆனால் சென்னையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்றால், பினாங்கில் 2,400 மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்கிறது. அங்கே மழைக்கு ஒரு பருவம், இங்கே மாலைதோறும் மழை. தட்டைக் கூரை இத்தட்பவெப்பத்துக்கு ஒத்துவரவில்லை. 1864ஆம் ஆண்டில் அதை அகற்றிவிட்டு இருபுறமும் சரிந்த கூரை அமைத்தார்கள். அரசாங்கத்துப் பொறியாளரே வடிவமைத்த தேவாலயமும் மழையிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது பாருங்கள்!

சரிந்த கூரைமேல் என்ன ஓடு? பழைய கடைவீடுகளில் காண்பது மெல்லிய, மெருகிடாத, குறுக்கே பார்த்தால் வளைந்தோ மடிந்தோ இருக்கும் சிறு சுட்டமண் ஓடு. தமிழகத்து நாட்டு ஓட்டுக்கு நெருங்கிய உறவு. ஒரு வரிசையை மல்லாத்தி வைத்து நீரோடும் வாய்க்காலாக்கி, அடுத்ததைக் குப்புறக் கவிழ்த்து இடைவெளியை மூடுவார்கள். ஆணி கிடையாது, ஓட்டின் எடையே அதைப் பிடித்துக்கொள்ளும். முகட்டிலும் ஓரங்களிலும் மட்டும் சுண்ணாம்புக் காரை. எடுக்க எளிது, திரும்ப அடுக்க எளிது. பூனை ஓடினாலும் நகர்ந்துவிடும் என்பதுதான் குறை. பிற்பாடு வந்தது ஒன்றோடொன்று கொக்கி போட்டுப் பொருந்தும் பெரிய ஓடு. பிரான்சில் பிறந்து மார்செய் ஓடு என்று பெயர் பெற்ற அவ்வகையைத்தான் பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் தொழிற்சாலை வைத்துச் சுடத் தொடங்கியது. நம் தாத்தாக்கள் 'மங்களூர் ஓடு' என்றும் 'சீமை ஓடு' என்றும் சொன்னது அதனையே. இவ்விரண்டு ஓடுகளின் வேறுபாட்டை இங்கு விரித்துரைக்கக் காரணம் உண்டு. இன்று ஜார்ஜ்டவுனில் அனுமதி கேட்கும்போது வழக்காகும் பொருள் பெரும்பாலும் இதுதான்: எந்த ஓடு?

தீப்பயம் ஓரளவு அடங்கியபின் நோய்ப்பயம் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புதிய கட்டடத்துக்கும் பெரிய மாற்றத்துக்கும் வரைபடம் தாக்கல் செய்யும் முறை நீரிணைக் குடியேற்றங்களில் நிலைபெற்றது. கல்கத்தாவில் முன்பு சுகாதார அதிகாரியாக இருந்த டபிள்யூ. ஜே. சிம்ப்சன் 1907இல் சிங்கப்பூரைப் பற்றி எழுதிய அறிக்கை, முதுகோடு முதுகு ஒட்டிய கடைவீடுகளில் வெளிச்சமும் காற்றும் இல்லை என்பதை வலியுறுத்தி, பின்சந்து வேண்டும் என்றது. நீண்டு குறுகிய கடைவீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றம் ஒன்று இருக்கும். செட்டிநாட்டு வீட்டைக் கண்டவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அந்த முற்றத்தைத் தகரம் போட்டு மூடி ஓர் அறையாக்கிவிட்டால் இன்னொரு குடும்பத்தை வாடகைக்கு வைக்கலாம். ஆகவே கூரை போடாமல் இருப்பதும் நகராட்சியின் கவலையாகிவிட்டது.

இக்காலத்தில் நம்மவரைப் பெரிதும் தாக்கிய நிகழ்வு வேறொன்று. கப்பித்தான் கிளிங் என அறியப்பட்ட காதர் மொகிதீன், 1801ஆம் ஆண்டில் பள்ளிவாசலுக்கென நிலம் பெற்றார். 18 ஏக்கர் அளவிலான அந்த வக்பு நிலத்தில் பள்ளிவாசலைச் சுற்றித் தமிழ் முஸ்லிம்களின் குடியிருப்பு தலைமுறை தலைமுறையாக வளர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசு, முகம்மதிய, இந்து அறநிலையங்களுக்கெனச் சட்டமியற்றி வாரியம் அமைத்தது. வக்பு நிலத்தின் நிருவாகம் அவ்வாரியத்தின் கைக்கு மாறியது. சில ஆண்டுகளில் நெரிசல், சுகாதாரக்கேடு என்ற காரணங்களின்பேரில் பழைய குடியிருப்பின் பெரும்பகுதி அகற்றப்பட்டு, சாலைகள் திறக்கப்பட்டு, வரிசை வீடுகள் கட்டப்பட்டன. புதிய கூரைகள் உறுதியானவை, ஓடு வேய்ந்தவை என்பதில் ஐயமில்லை. அவற்றின்கீழ் அதே மக்கள்தாம் வாழ்ந்தார்களா, அந்த வாடகையைக் கட்ட அவர்களால் முடிந்ததா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. நல்ல கூரை வந்தது, வீடு போனது. அறநிலைய வீடுகளில் குடியிருந்த தமிழருக்கு, முஸ்லிமாயினும் இந்துவாயினும், அன்று முதல் கூரை வேறு, குடியிருப்பவர் வேறு என்றாகிவிட்டது. ஓடு உடைந்தால் வாரியத்திடம் மனு, வாரியம் நகராட்சியிடம் மனு.

1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் நகரைக் குண்டுவீசித் தாக்கியபோதும், போர் முடியும் தறுவாயில் நேசநாட்டு விமானங்கள் தாக்கியபோதும் பல கூரைகள் நொறுங்கின. போருக்குப் பின் ஓடு கிடைக்காத இடங்களில் தகரமும் கல்நார்த் தகடும் ஏறின.

1957 ஜனவரி முதல் நாள் ஜார்ஜ்டவுன் மாநகரானது. அதன் முதல் மேயர் டி. எஸ். இராமநாதன், ஒரு தமிழர்; இன்று அவர் பெயரில் சாலையே உள்ளது. நம் மாணவர்கள் பலருக்கு இது தெரியாது என்பது வருத்தம் தருகிறது.

அடுத்து வாடகைக் கட்டுப்பாடு. 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948ஆம் ஆண்டு ஜனவரி 31க்குள் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை ஏறவிடாமல் பிடித்து வைத்தது. ஜார்ஜ்டவுனின் உட்பகுதியில் பெரும்பாலான வீடுகள் அவ்வகையே. சிறு கடைக்காரர், துறைமுகக் கூலிகள், பூமாலை கட்டுவோர், பொற்கொல்லர், சலவைத் தொழிலாளர் எனப் பலரும் நகர் நடுவிலேயே குறைந்த வாடகையில் வாழ முடிந்ததற்கு இச்சட்டமே காரணம். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அற்ப வாடகை வாங்கும் உரிமையாளர் கூரைக்கு ஏன் செலவு செய்வார்? ஓர் ஓடு நழுவும், அதன்வழி நீர் ஊறும், ரீப்பர் கட்டை உளுக்கும், பிறகு கைமரம், பிறகு சுவர். வாடகைக்காரரோ தம் வீடன்று என்பதால் பெரும்பணி எடுக்கத் துணியமாட்டார். பிளாஸ்டிக் தாள் விரித்து, வாளி வைத்து, மழைக்காலத்தைக் கடத்துவார். அனுமதி வாங்க வேண்டியவருக்கு விருப்பமில்லை; விரும்பியவருக்கு அனுமதி கேட்கும் தகுதி இல்லை. முப்பது ஆண்டுக்கும் மேலாக இந்நகரின் கூரைகள் இந்த இடுக்கில் நைந்தன.

1997இல் இச்சட்டத்தை நீக்கும் சட்டம் நிறைவேறியது. 1999 டிசம்பர் 31வரை அவகாசம். 2000 புத்தாண்டுக்குப் பின் பல குடும்பங்கள் நகரைவிட்டு வெளியேறின. ஏற்கெனவே 1960களின் இறுதியில் எழத் தொடங்கிய பாடாங் தெம்பாக் போன்ற அடுக்ககங்களில் நம்மவர் பலர் குடியேறியிருந்தனர். இப்போது இன்னும் பலர் தீவின் பிற பகுதிகளுக்கும் பெருநிலத்துக்கும் போயினர். (வீடு வரையச் சொன்னால் அடுக்ககத்திலேயே பிறந்து வளர்ந்த மாணவரும் முக்கோணக் கூரை போட்டு ஓடு வரைவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். எந்த வீட்டின் நினைவோ!) காலியான கடைவீடுகள் சிலவற்றில் மனிதருக்குப் பதிலாக உழவாரக் குருவிகள் குடியேறின. மேல்மாடியைச் சுற்றி அடைத்து, ஒலிபெருக்கியில் குருவிக்குரல் ஒலிக்கவிட்டு, கூட்டை விற்றார்கள். பாரம்பரிய வட்டாரத்தில் அத்தொழிலை 2013ஆம் ஆண்டு இறுதிக்குள் நிறுத்த வேண்டும் என்று அரசு கெடு விதித்தது.

2008 ஜூலை 7ஆம் நாள் மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. ஜார்ஜ்டவுனில் மையப்பகுதி 109.38 ஹெக்டேர், அதைச் சூழ்ந்த காப்புப்பகுதி 150.04 ஹெக்டேர். இவ்வெல்லைக்குள் உள்ள கட்டடங்கள் முதல்வகை, இரண்டாம் வகை எனத் தரம் பிரிக்கப்பட்டுள்ளன. நம் பழைய கடைவீடுகள் பெரும்பாலும் இரண்டாம் வகை. 2016இல் அரசிதழில் வெளியான சிறப்புப் பகுதித் திட்டம் கூரையின் வடிவம், சரிவு, ஓட்டின் வகை ஆகியவற்றையும் கருத்திற்கொள்கிறது. தீக்கு அஞ்சி ஓட்டைக் கட்டாயமாக்கிய நகரம், இப்போது அதே ஓட்டை அழகுக்காகவும் நினைவுக்காகவும் கட்டாயமாக்குகிறது.

இனி, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆம் பிரிவு, ஊராட்சி மன்றத்தின் எழுத்துவழி முன்னனுமதியின்றி யாரும் கட்டடம் எழுப்பக் கூடாது என்கிறது. 'எழுப்புதல்' என்ற சொல்லுக்கு அப்பிரிவு தரும் பொருள் விரிவானது. புதிதாகக் கட்டுவது மட்டுமன்று; சுவர்களுக்கு இடையிலுள்ள திறந்தவெளியைக் கூரையிட்டு மூடுவதும் அதற்குள் அடங்கும். அதாவது முற்றத்தின்மேல் நீங்கள் போடும் நெகிழித் தகடும் சட்டத்தின் கண்ணில் ஒரு கட்டடம். அனுமதியின்றிச் செய்தால் 50,000 ரிங்கிட்வரை அபராதமோ மூன்று ஆண்டுவரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். 1984ஆம் ஆண்டுக் கட்டடத் துணைவிதிகள், இரு மாடிவரை உள்ள கட்டடத்தின் காற்று முற்றத்துக்குக் குறைந்தது 7 சதுர மீட்டர் பரப்பு வேண்டும் என்கின்றன. சிம்ப்சனின் கவலை அங்கே இன்னும் உயிரோடிருக்கிறது.

உடைந்த நான்கு ஓட்டை அதேபோன்ற ஓட்டால் மாற்றுவதும், கைமரத்தைப் பிரித்துக் கூரையை உயர்த்துவதும் ஒரே தன்மையுடைய பணிகள் அல்ல. பின்னதற்குக் கட்டடக் கலைஞரோ பொறியாளரோ பதிவுபெற்ற கட்டட வரைவாளரோ வரைபடம் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். முன்னதாயினும், வீடு பாரம்பரிய எல்லைக்குள் இருந்தால், ஏணி சாத்துவதற்கு முன் கொம்தாரில் உள்ள மாநகர் மன்ற அலுவலகத்தில் கேட்டுவிடுவதே அறிவுடைமை. கூரையின் நிழற்படங்களைப் பணிக்கு முன்பே எடுத்து வையுங்கள். குத்தகையாளர் "ஓட்டை எடுத்துவிட்டுத் தகரம் போட்டால் பாதிச் செலவு" என்பார். செலவு குறையும் என்பது உண்மைதான். அறை கொதிக்கும், மழையோசையில் பேச்சும் கேட்காது, மன்றமும் ஒப்பாது. பழைய கல்நார்த் தகடு இருந்தால் அதைச் சுத்தியலால் உடைத்து இறக்க விடாதீர்கள். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு.

கலைத்த ஓடுகளில் நல்லவற்றைப் பொறுக்கி எடுத்துத் தெருவை நோக்கிய சரிவில் அடுக்கி, புதியவற்றைப் பின்சரிவில் இடுவது அனுபவமுள்ள கொத்தனார்களின் வழக்கம். பழைய ஓடு கிடைப்பது அருமையாகிவிட்டது. ஒரு வீட்டை இடித்தால் அதன் ஓட்டுக்கு இன்னொரு வீட்டுக்காரர் காத்திருக்கிறார்.

விண்ணப்பத்தில் கையெழுத்து மட்டும் இன்றும் உரிமையாளருடையதாகவே இருக்க வேண்டும். நாற்பது ஆண்டு அந்தக் கூரையின்கீழ் வாளி வைத்து மழையைத் தாங்கிய வாடகைக்காரருக்கு அத்தாளில் கட்டம் இல்லை. குடியிருப்பவரின் ஒப்புதலையும் ஒரு வரி கேட்டால் மன்றத்துக்கு என்ன குறைந்துவிடும்? கூரை பிரிக்கப்படும் செய்தியை அவர் ஏணியைக் கண்டுதான் அறிய வேண்டுமா? 1900களில் பள்ளிவாசலைச் சுற்றி வாழ்ந்தவர்களிடமும் இதை யாரும் கேட்கவில்லை.